மனத்தைப் படிக்க அஞ்சுவதேன்?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பங்குகளில் பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளை உளவியல் படிக்க விழைந்தால், "கீழ்ப்பாக்கத்துக்கா?" என நகைக்கிறோம். 1794இல் தோன்றிய மனநல மருத்துவமனை இன்று நிற்கும் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கிய பெருமை நமது!

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் மேல்நிலை வகுப்புகளில் உளவியலை விருப்பப் பாடமாக வைத்துள்ளது. நினைவு, உணர்ச்சி, மன அழுத்தம் பற்றியெல்லாம் அதில் உண்டு. நாமோ பொறியியல், மருத்துவம் என்னும் இரு வாசல்களன்றி வேறறியோம்.

விசுவாசத்துக்கு ஆகாதாம்! இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே, 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டில், மேய்ப்புப்பணிக்கு உளவியலையும் பயன்படுத்தச் சொன்னது. கடும் மனக்குழப்பம் தற்கொலை செய்தவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது, 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல்.

தேர்வு முடிவு வந்த இரவில் கதவைத் தாழிட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு, "செபமாலை சொல்" என்பதோடு முடிக்கிறோம். செபமாலை சொல்லட்டும்; மருத்துவரிடமும் போகட்டும். அம்மௌனத்தின் பொருளை வகுப்பறையில் கற்ற தோழன் ஒருவன் இருந்தால், அக்கதவை அவனாவது தட்டுவான்.