வேகத்தைக் கூட்டுமுன் வெப்பத்தை அளந்திடுக



“இந்தக் கம்ப்யூட்டரை இன்னும் வேகமாக ஓடவைக்கலாம் வாப்பா, காசு ஒன்றும் செலவாகாது” என்று கல்லூரியில் பயிலும் மகன் சொன்னால் நீங்கள் என்ன விடை பகர்வீர்கள்? அவர் சொல்வதில் உண்மை உண்டு. எனினும் அதற்கு ஒரு விலையும் உண்டு. அவ்விலையை அறிந்த பின் ஆம் என்பதோ, வேண்டாம் என்பதோ உங்கள் விருப்பம்.

கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸர் ஒரு துடிப்புக்கேற்ப இயங்குகிறது. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ் என்றும், பிராசஸரின் பெருக்கெண் 42 என்றும் கொண்டால், அதன் வேகம் 4,200 மெகாஹெர்ட்ஸ் ஆகும். நிறுவனம் குறித்த அளவுக்கு மேல் இவ்வேகத்தைக் கூட்டுவதே ஓவர்கிளாக்கிங். 1998-இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதன் பெருக்கெண் நாலரை. அடிப்படைத் துடிப்பை 66-இலிருந்து 100 ஆக்கியதும், 300 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் 450-இல் ஓடிற்று.

ஒரே அச்சில் வார்த்த பிராசஸர்களிலும் ஒன்றுக்கொன்று திறன் வேறுபடும். எல்லாமே தவறாது எட்டக்கூடிய வேகத்தையே நிறுவனம் குறிக்கிறது. மிஞ்சியிருக்கும் திறனைத்தான் நம் பிள்ளைகள் தேடுகின்றனர்.

அதற்கான விலை வெப்பம். துடிப்பு கூடும் அளவுக்கு வெப்பமும் கூடும். மின்னழுத்தத்தைக் கூட்டினாலோ அதன் இருமடிக்கேற்ப ஏறும். இரண்டையும் பத்து விழுக்காடு கூட்டினால், பிராசஸர் செலவிடும் மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு மிகும். அவ்வளவும் வெப்பமாகவே வெளிப்படும்.

இங்கேதான் நமது கடற்கரையை நினைவிற் கொள்ள வேண்டும். விசிறி எவ்வளவு சுழன்றாலும் பிராசஸரை அறையின் வெப்பத்தைவிடக் குளிர்விக்க இயலாது. குளிரூட்டிய 25 டிகிரி அறையில் ஒருவர் செய்துகாட்டியதை, தூத்துக்குடியிலோ காயல்பட்டினத்திலோ கோடை நண்பகலில் 35 டிகிரி அறையில் செய்தால், பிராசஸரும் ஏறக்குறைய 10 டிகிரி கூடுதலாகவே கொதிக்கும். போதாக்குறைக்கு உப்புக்காற்றின் ஈரம் தூசியைக் களிம்புபோல் ஒட்டவைக்கிறது, உலோக முனைகளையும் அரிக்கிறது. ஆகவே முதற்பணி துப்புரவு. மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, மென்தூரிகையால் விசிறியையும் ஹீட் சிங்கையும் சுத்தம் செய்க. கடலை நோக்கிய சன்னலருகே பெட்டியை வைக்காதீர்கள்.

அடுத்து, உங்கள் பிராசஸர் இதற்கு இடந்தருமா என்று பாருங்கள். இன்டெல்லில் பொதுவாகப் பெயரின் இறுதியில் ‘கே’ எழுத்துள்ளவையும், அவற்றுடன் ‘இசட்’ வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை இடந்தரும். ஆனால் ‘ஏ’ வரிசை மதர்போர்டு போதாது, ‘பி’ அல்லது ‘எக்ஸ்’ வரிசை வேண்டும். மடிக்கணினியில் இம்முயற்சியே வேண்டாம். இதனால் நேரும் பழுது நிறுவன உத்தரவாதத்தில் அடங்காது என்பதையும் மறவாதீர்கள்.

இனி செய்முறை. முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். பயாஸில் உள்ள தொடக்க அளவுகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எதையும் மாற்றாமலே, பிற்பகல் இரண்டு மணி வெயிலில், பிராசஸருக்கு முழு வேலை தரும் சோதனை நிரலை அரைமணி நேரம் ஓட்டி வெப்பத்தைக் குறியுங்கள். அப்போதே 85 டிகிரியைத் தாண்டினால் அத்துடன் நிறுத்துக. குறைவாயின், பெருக்கெண்ணை ஒன்றே ஒன்று கூட்டி மீண்டும் சோதியுங்கள். மின்னழுத்தத்தைப் புதியவர் தொடலாகாது. சில மதர்போர்டுகள் தாமாகவே அதை உயர்த்திவிடும். ஆதலால் அதன் அளவையும் கவனித்து, வெகுவாக ஏறியிருந்தால் பழைய நிலைக்குத் திரும்புக. கணிப்பொறி நின்றாலோ, சோதனை பிழை காட்டினாலோ இரண்டு படி இறங்குங்கள். திரையே வராவிடில், மின்இணைப்பை நீக்கி, மதர்போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் தொடக்க அளவுகள் மீளும்.

1961-இல் தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது. மூழ்குபவர் எத்துணைத் திறமைசாலியாயினும், படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அது அசைந்ததும் மேலே இழுத்துவிடுவார். உங்களுக்கு அந்தக் கயிறு வெப்பமானி நிரல்தான். அதைப் பாராமல் மூழ்காதீர்கள்.

இவற்றினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. நிலைதடுமாறும் பிராசஸர் எப்போதும் நின்றுவிடுவதில்லை. சில வேளை ஓடிக்கொண்டே தவறாகக் கணக்கிடும். விளையாட்டில் அது திரையில் தோன்றும் ஒரு புள்ளியாகப் போகலாம். வாப்பாவின் கடைக் கணக்கிலோ, ஒரு கொடுக்கல் வாங்கலில் இலக்கம் மாறிப்போகலாம். எனவே வணிகக் கணக்குள்ள கணிப்பொறியில் இம்முயற்சி அறவே கூடாது.

மின்னழுத்தம் செய்யும் கேடு மீளாதது என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்கள் சில, அளவுமீறிய மின்னழுத்தத்தால் நிலைதடுமாறின. 2024-இல் நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் ஈராண்டு நீட்டித்தது. எனினும் முன்னரே பழுதுற்றவை அத்திருத்தத்தால் சீராகவில்லை.

கிடைக்கும் பயன்தான் எவ்வளவு? இக்காலப் பிராசஸர்கள் இடமிருந்தால் தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. ஆதலால் மிஞ்சுவது பெரும்பாலும் சொற்பமே. வீட்டுக் கணிப்பொறி மந்தமாக இருப்பதற்குப் பழைய சுழல்வட்டோ, நினைவகப் பற்றாக்குறையோ காரணமாக இருப்பதே மிகுதி. ஓர் எஸ்எஸ்டி வட்டு பொருத்தினாலே வேற்றுமை கண்கூடாகும். அதையும் செய்த பின், தமக்கெனத் தனிக் கணிப்பொறி உள்ள மகனோ மகளோ கற்றறியும் ஆர்வத்தால் கேட்டால், தாராளமாக இசைவளியுங்கள்.

ஒரு நிபந்தனை மட்டும் விதியுங்கள். பழைய அளவு, புதிய அளவு, மாற்றிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கத் தகட்டின் உட்புறம் ஒட்டிவைக்கட்டும். நாளை பழுதுபார்ப்பவருக்கு அது வழிகாட்டும். கணிப்பொறியை விற்க நேர்ந்தால், வாங்குபவரிடம் எதையும் மறைக்காமல் இருக்கவும் அது துணைநிற்கும்.