சென்னையிற் பனி பெய்ததா?

1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியிற் சென்னையில் வெண்பனி பெய்ததென்றொரு கதை வழங்கிவருகின்றது. அம்மாதம் 10-ஆந் தேதி சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்ததே காரணமென்பர். வெடித்ததும் மெய், 1816-இல் ஐரோப்பா கோடையின்றி வாடியதும் மெய். ஆனால் எரிமலையின் கந்தகப் புகை உலகைச் சூழ்ந்து குளிரச்செய்யப் பல மாதங்கள் வேண்டுமன்றோ? இரு வாரத்திற் சித்திரை வெயில் பனியாய் மாறிற்றென்பதை யாம் ஒப்புவதற்கில்லை. நுங்கம்பாக்கத்தில் 1905 ஜனவரி 29-இற் பதிவான கடுங்குளிரே 13.9 பாகைதான். மேலும், பனி வீழ்ந்திருப்பின் வடக்குப்பட்டு வரையிற் பயிர் கருகியிருக்கும்; குடியானவர் தீர்வை வஜாக் கேட்டுக் கலெக்டர் கச்சேரியில் நின்றிருப்பர். 1792-இல் நிறுவப்பெற்ற சென்னை வானாராய்ச்சி நிலையம் அந்நாளிலும் இருந்தது. அவ்வாரத்துப் பதிவேட்டைக் காட்டுவோர்க்கே யாம் செவிசாய்ப்போம்.