முகமது அலியின் பறவைகளும் லவிங் தம்பதியரும்

1967 ஜூன் 12. கறுப்பினப் பெண்ணான மில்ட்ரெட்டும் வெள்ளையரான ரிச்சர்ட் லவிங்கும் செய்துகொண்ட திருமணம் குற்றமல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை 16 மாநிலங்களில் இத்தகைய திருமணத்துக்குத் தடைச் சட்டம் இருந்தது. முகமது அலி பிறந்த கென்டக்கியும் அவற்றில் ஒன்று. எட்டு நாள் கழித்து, ஜூன் 20 அன்று, வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்த அலிக்கு ஐந்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அரசுக்கு அடிபணியாத அந்த அலியைத்தான் நாம் சட்டையில் அச்சிட்டு அணிகிறோம். எனக்கும் அவர் நாயகன்தான். ஆனால் லவிங் தம்பதியர் போராடிப் பெற்ற உரிமையை அலி ஏற்கவில்லை என்பதை மட்டும் நாம் பேசாமல் கடந்துவிடுகிறோம்.

1971இல் பிபிசியில் மைக்கேல் பார்க்கின்சனிடம் அவர் வாதிட்டது இதுதான்: ஒவ்வொரு பறவையும் தன் இனத்தோடுதான் சேர்கிறது, மனிதரும் அப்படியே வாழ வேண்டும், தன்னைப் போன்ற பிள்ளைகளைப் பெறவே எவரும் விரும்புவார். 1975இல் பிளேபாய் இதழுக்கு அளித்த நேர்காணலில் இன்னும் ஒரு படி மேலே போனார். வெள்ளைப் பெண்ணோடு உறவு கொள்ளும் கறுப்பின ஆண் கொல்லப்பட வேண்டியவன் என்றார். எல்லை தாண்டும் பெண்ணுக்கும் அதே கதிதான் என்றார். இந்தச் சிந்தனைக்கு நம் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது தோழர்களே: ஆணவக் கொலை.

இது எங்கிருந்து வந்தது? வெள்ளைப் பெண்ணிடம் தகாத முறையில் நடந்தான் என்று சொல்லி, 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை அடித்துக் கொன்றார்கள். அலியைவிட அவன் ஆறு மாதமே மூத்தவன். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி கொலையாளிகளை விடுவித்தது. அலிக்கு முன்பே, முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சனை, வெள்ளைப் பெண்களோடு அவருக்கிருந்த உறவை வைத்தே 1913இல் குற்றவாளியாக்கினார்கள். அடிமை முறைக் காலத்தில் கறுப்பினப் பெண்களை வெள்ளை முதலாளிகள் வன்புணர்ந்த வரலாறு இதற்கெல்லாம் பின்னால் கிடக்கிறது. இந்தக் காயத்தின் மீதுதான், வெள்ளையரிடமிருந்து முற்றாகப் பிரிந்து வாழ்வதே தன்மானம் என்று எலைஜா முகமதுவின் நேஷன் ஆஃப் இஸ்லாம் போதித்தது. அலி அதை நம்பினார்.

ஆகவே அலியின் பிரிவினையும் வெள்ளை இனவெறியும் ஒன்றல்ல. ஒன்று காயம்பட்டவரின் விலகல், மற்றது அதிகாரத்தின் வேலி. ஆனால் ஒரு கருத்தின் காரணத்தைப் புரிந்துகொள்வது வேறு, அந்தக் கருத்தை ஏற்பது வேறு.

1959இல் லவிங் தம்பதியரைத் தண்டித்த வர்ஜீனியா நீதிபதி லியோன் பசீலின் வாதத்தைப் பாருங்கள். கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், அவை கலக்கக் கூடாது என்பதே அவர் எண்ணம் என்றார் அவர். நீதிபதி கண்டங்களைக் காட்டினார், அலி பறவைகளைக் காட்டினார். மனிதர் போட்ட விதியை இயற்கையின் விதி என்று சொல்லும் தந்திரம் இரண்டிலும் ஒன்றே. அலியின் அந்தக் காணொலியை இன்று ஆசையோடு பரப்புவோரில் வெள்ளை இனவாதிகளும் இருப்பது தற்செயல் அல்ல.

அதே அமெரிக்காவில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 1916இல் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் சாரம் அகமணமே என்று நிறுவினார். அகமணத்தைக் காக்கப் பெண்களை எப்படியெல்லாம் ஒடுக்க வேண்டியிருந்தது என்பதையும் காட்டினார். கலப்பைத் தடுப்பது என்றாலே யாரோ ஒருவர் பெண்ணின் விருப்பத்துக்குக் காவல் நிற்க வேண்டும். அந்தக் காவல் வேலையை ஒடுக்கப்பட்ட ஆண் செய்தாலும் அது விடுதலை ஆகாது.

“அது அந்தக் காலம்” என்று சிலர் சொல்வார்கள். மில்ட்ரெட்டும் அதே காலத்தில்தான் வாழ்ந்தார். 1958இல் நள்ளிரவில் படுக்கையறைக்குள் புகுந்து காவலர்கள் கைது செய்தது அவரைத்தான். 25 ஆண்டு சொந்த மாநிலத்தில் சேர்ந்து கால் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வெளியேற்றப்பட்ட தம்பதியர் அவர்கள். 1963இல் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கு அவர் எழுதிய கடிதத்தில் தொடங்கியதுதான் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. அந்தக் காலம் எல்லாரையும் ஒரே மாதிரி சிந்திக்க வைக்கவில்லை.

அலியின் சொந்தக் குடும்பமே அவருடைய வாதத்துக்கு மறுப்பு. அவருடைய கொள்ளுத் தாத்தா ஏப் கிரேடி அயர்லாந்தின் என்னிஸ் ஊரிலிருந்து வந்து ஒரு கறுப்பினப் பெண்ணை மணந்த வெள்ளையர். 2009இல் அலி அந்த ஊருக்கே போனார். ஊரே திரண்டு வரவேற்றது. நேஷன் ஆஃப் இஸ்லாமின் போதனைகளையும் அவர் அதற்கு வெகு முன்பே விட்டு விலகியிருந்தார்.

அலியின் போர் எதிர்ப்பைப் பாடமாக வைப்போம். 1971, 1975 நேர்காணல்களையும் மறைக்காமல் அதன் பக்கத்திலேயே வைப்போம். நம் நாயகர் சொன்னார் என்பதற்காக அகமணத்துக்கு விலக்கு கொடுத்தால், நாளை நம் வீட்டுப் பெரியவர் அதே பறவைக் கதையைச் சொல்லும்போது மறுத்துப் பேச நம்மிடம் எதுவும் இருக்காது.