நாலாயிரம் ரூபாயின் நாலு விலை

1964 அக்டோபர் 30-இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் என்றதும் ஆள்கணக்குதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் ஒன்றரை லட்சம் பேர் கதையைப் பிறகு பார்க்கலாம் என்பது அந்தக் கணக்கு. அதே ஒப்பந்தத்தில் ஒரு பணக்கணக்கும் உண்டு. திரும்பிப் போகிறவர்கள் சேமநல நிதி, பணிக்கொடை உட்பட தங்கள் சொத்தை எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகும் பணத்துக்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கமாட்டோம் என்று இலங்கை அரசு ஒத்துக்கொண்டது. மழை பொய்த்த வருஷங்களில் கங்காணி பின்னால் கண்டிச்சீமைக்குக் கிளம்பிய நெல்லைச்சீமைக் குடும்பங்களுக்கு, சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரிக் கரிசலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இரண்டு மூன்று தலைமுறைப் பாடு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருந்தது. எந்த நாட்டு ரூபாய் என்று அன்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அரசாங்கக் கணக்கில் இரண்டும் ஒரே விலை.

ஒரே விலையாக இருந்ததற்கு யாருடைய கெட்டிக்காரத்தனமும் காரணமில்லை. 1872-இல் இலங்கை பவுன், ஷில்லிங்கை விட்டு நூறு சதம் கொண்ட ரூபாய்க்கு மாறியபோது அங்கே புழங்கியது இந்திய வெள்ளி ரூபாய்தான். (அணாவைக் கைவிட நமக்கு 1957 ஆயிற்று, அந்த விஷயத்தில் அவர்கள் முந்திக்கொண்டார்கள்.) கொழும்பில் மத்திய வங்கி 1950-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருஷம் செப்டம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்ததும் இரண்டு ரூபாயும் சேர்ந்தே இறங்கி, டாலருக்கு 4.76 என்று நின்றன. ஒரே முளையில் கட்டிய இரண்டு மாடுகள் ஒரே தூரம்தான் மேயும். அதைப் பார்த்து இரண்டுக்கும் ஒரே பலம் என்று எண்ணிவிடக் கூடாது.

முளை 1966 ஜூன் 6-இல் பிடுங்கப்பட்டது. இந்திரா காந்தி பிரதமர், சச்சிந்திர சௌத்ரி நிதியமைச்சர். டாலருக்கு 4.76 ரூபாய் என்பது ஒரே நாளில் 7.50 ஆனது. காங்கிரஸ் தலைவர் காமராஜருக்கே அந்த முடிவில் சம்மதமில்லை. இலங்கை அசையவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் இருந்த 4,000 ரூபாய், இந்தியக் கரையில் ஏறக்குறைய 6,300 ரூபாய் ஆயிற்று. 1967 நவம்பரில் பவுன் மறுபடி சரிந்தபோது இலங்கை தன் பணத்தை 5.95-க்கு இறக்கியது, 6,300 என்பது 5,040 ஆகச் சுருங்கியது. 1977 நவம்பரில் ஜெயவர்த்தனா அரசு சந்தையைத் திறந்துவிட்டு டாலருக்கு 16 ரூபாய் என்று வைத்ததும், அதே நாலாயிரத்துக்கு 2,100 சொச்சம்தான். ஒப்பந்தத்தின் வாசகம் ஓர் எழுத்தும் மாறவில்லை. குடும்பம் எந்த வருஷம் கப்பலேறியது என்பது மட்டும்தான் மாறியது.

பணத்தின் மதிப்பு என்பது நாட்டின் பலத்தைக் காட்டும் கண்ணாடி, இலங்கை பலவீனமானதால் விழுந்தது, இதில் குறைசொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அப்படியானால் 1966-இல் ஒரு இலங்கை ரூபாய்க்கு ஒன்றரை இந்திய ரூபாய்க்கு மேல் கிடைத்ததே, அப்போது அவர்கள் நம்மைவிட ஒன்றரை மடங்கு பலசாலிகளா? இல்லை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டு அந்த எண்ணைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். 1968 மே மாதம் அவர்களே அந்நியச் செலாவணிச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்து, பல இறக்குமதிகளுக்கு 44 சதவீதம் கூடுதலாகக் கட்டச் சொன்னார்கள். அரசாங்க விலை உண்மையான விலை அல்ல என்பதற்கு இதைவிட ஒப்புதல் வேண்டாம். 2022-இலும் இதே கதை: பல மாதம் டாலருக்கு 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்திருந்தார்கள், மார்ச்சில் விட்டதும் மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. அந்தச் சரிவு நாட்டின் நிலைமையைச் சொன்னது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய 200 பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நம்முடைய 4.76-ம் இன்று 85-ஐத் தாண்டிவிட்டது. கேலி பேசும் யோக்கியதை நமக்கில்லை.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. 1966-க்குப் பிறகு வந்தவர்களுக்கு லாபம், 1977-க்குப் பிறகு வந்தவர்களுக்கு நஷ்டம். ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் பொதுதானே? பொதுவாக விழவில்லை. 6,300 கிடைத்திருக்கக்கூடிய காலம் பதினேழு மாதம்தான். ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டமே இலங்கையில் 1967-இல்தான் நிறைவேறியது. பெருங்கூட்டம் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தது எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும். வியாபாரி என்றால் விலை பார்த்துச் சரக்கை நிறுத்திவைப்பான். வளைகுடா நாடுகளும் தப்ப வழி வைத்திருந்தன: இன்று நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் துபாயிலும் கத்தாரிலும் 1966 வரை இந்திய ரிசர்வ் வங்கி அச்சிட்ட வளைகுடா ரூபாய்தான் ஓடியது, டில்லி மதிப்பைக் குறைத்ததும் அவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பணத்துக்கு மாறினார்கள். கொழுந்து பறித்தவளுக்கு அந்த வசதி ஏது? அவள் சேமநல நிதி இலங்கை ரூபாயில் இருந்தது. புறப்படும் தேதியோ இரண்டு அரசாங்கங்களின் கையில் இருந்தது.

இதையெல்லாம் 1964-இல் யார் கண்டது என்று கேட்பவர்களுக்கு டில்லியின் இன்னொரு கையெழுத்தைக் காட்டலாம். 1960-இல் பாகிஸ்தானோடு செய்த சிந்து நதிநீர் ஒப்பந்தத்தில் மாற்றுக் கால்வாய்ப் பணிகளுக்காக இந்தியா 6,20,60,000 பவுன் தர ஒப்புக்கொண்டது. எந்த நாட்டுப் பணத்தின் மதிப்பு மாறினாலும் இந்தப் பவுன் தொகை மாறாது என்று அங்கே ஒரு வாக்கியம் தனியாக எழுதி வைத்தார்கள். அப்படி ஒரு வாக்கியத்தைத் தோட்டத் தொழிலாளியின் நாலாயிரத்துக்குப் பக்கத்தில் எழுத இரண்டு தரப்புக்கும் தோன்றவில்லை.