வீடு கைமாறலாம், நம் பணம் மாயமாகலாமா?



வீட்டை விற்பவருக்கு லாபம். வாங்குபவருக்குச் சொத்து. தரகருக்குக் கமிஷன். அதில் குடியிருக்கும் தொழிலாளிக்கு?

கட்கியிலும் தாபோடியிலும் பிம்ப்ரியிலும் நம்மவர்கள் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசைத்தான் டெபாசிட்டாகக் கொடுக்கிறார்கள். நாய் வளர்த்தால் அதற்கென்று தனித்தொகை வேறு! வீடு விலைபோன மறுநாள், "வாங்கினவரிடம் கேள்" என்கிறார் பழைய சொந்தக்காரர். "நான் வாங்கியது வீட்டை, உன் கடனை அல்ல" என்கிறார் புதியவர். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்!

சட்டம் என்ன சொல்கிறது? முறையான வாடகை ஒப்பந்தம் என்றால், 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவு நம் பக்கம். விற்றுவிட்டதாலேயே பழையவர் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. புதியவரைப் பொறுப்பாக்குவதா என்று தீர்மானிக்கும் உரிமை குடியிருப்பவருக்கே!

ஆனால் புனேயில் நம் கையில் திணிக்கப்படுவது பதினொரு மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' காகிதம். அதே 1882இல் பிறந்த வசதியுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, வீட்டை வாங்கியவரை அந்த லைசென்ஸ் கட்டுப்படுத்தாது என்கிறது. ஒரு பெயர் மாற்றத்தில் பாதிப் பாதுகாப்பு பறிபோகிறது! அப்போதும், கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியவர் கடனாளிதான். வீட்டை விற்றவர் தன் வாக்கையும் விற்றுவிட முடியாது.

"எங்களிடம் பத்திரமே இல்லையே" என்கிறீர்களா? 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவைப் பாருங்கள். வாடகையோ லைசென்ஸோ, ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டியது சொந்தக்காரரின் கடமை. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவில்லாதபோது நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே செல்லும். பொய் என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை!

ஆகவே, பணம் கொடுக்கும்போதே ரசீது கேளுங்கள். நாய்க்கு வாங்கியது கட்டணமா, டெபாசிட்டா என்று அதில் எழுதச் சொல்லுங்கள். கட்டணம் போனது போனதுதான். டெபாசிட் திரும்பி வரவேண்டிய பணம். நாய் கதவைப் பிறாண்டியிருந்தால் பழுதுக்கு ஆன செலவைக் கழிக்கட்டும். மிச்சத்தை விழுங்க யாருக்கு உரிமை? விற்பனைப் பேச்சு காதில் விழுந்ததுமே, டெபாசிட்டைத் திருப்பித் தருபவர் யார் என்று மூன்று தரப்பும் கையெழுத்திட்ட காகிதம் வாங்குங்கள்.

"ரசீது கேட்டால் வீடு கிடைக்காதே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒருவர் கேட்டால் கிடைக்காது. தெருவே கேட்டால்?

தனித்தனியாகக் கெஞ்சியது போதும். சேர்ந்து கேட்போம்!