உள்ளே எத்தனை, காலி எத்தனை?

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் காரில் போகிறவர்களுக்குப் பேரங்காடி வாசலில் ஒளிரும் ‘காலியிடம்’ பலகை பழக்கம்தான். அதன் பின்னால் ஒரு சின்ன நிரல் ஓடுகிறது. மொத்தம் 200 இடம் என்று வைத்துக்கொள்வோம். ‘காலி’ இருந்தால் ஒரு காரை விட்டு, ‘உள்ளே’ கணக்கில் ஒன்று கூட்டு, ‘காலி’யில் ஒன்று கழி. ‘உள்ளே’ கார் இருந்தால் ஒன்று வெளியே போகலாம். கணக்கு அப்படியே தலைகீழ். பலகையில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம். எண் என்றைக்காவது நான்கு இலக்கம் ஆகிவிடுமா?

ஆகாது என்று நமக்குப் பார்த்ததும் தெரிகிறது. நிரலை ஓட்டாமல், படித்தே பிழை தேடும் கருவிகள் உண்டு. அவற்றில் எளிய ரகம் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். ‘காலி’ எப்போது கூடும்? உள்ளே கார் இருக்கும்போது. உள்ளே அதிகபட்சம் எத்தனை? தெரியாது. அப்படியானால் ‘காலி’யும் எவ்வளவு வேண்டுமானாலும் கூடலாம்! அடித்துவிடும் எச்சரிக்கை மணி.

பொய் மணிதானே என்று விட முடியவில்லை. இப்படி நூறு மணி கேட்ட இளம் நிரலாளர் நூற்றொன்றாவதைப் படிக்காமலே தள்ளிவிடுவார்; நிஜப் பிழை அங்கே உட்கார்ந்திருக்கும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிச் சுமார் 40 வினாடியில் சிதறியதே, ஓர் எண் அதற்கு ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் போனதால்தான்.

நம் கருவிக்குத் தேவை ஒரே ஓர் உறவு: உள்ளே + காலி = 200. கார் வந்தாலும் போனாலும் இது மாறாது. இரண்டும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. ஆகவே எதுவும் 200-ஐத் தாண்டாது. (பலகை 3 என்று காட்ட, உள்ளே போனால் ஓர் இடமும் இல்லை என்பது வேறு சங்கதி, அது சென்சாரின் கைங்கரியம்.)

இத்தகைய உறவுகளைக் கருவியே கண்டுபிடிக்கும் முறையை 1978-இல் பிரான்சின் பாட்ரிக் கூசோவும் நிகோலா ஹால்ப்வாக்சும் தந்தார்கள். எத்தனை எண்களின் உறவையும் அது பிடிக்கும். ஆனால் எண்கள் கூடக் கூடக் கணக்கு பூதமாக வளர்ந்துவிடும். 2001-இல் அந்துவான் மினே ஆசையைக் குறைத்துக்கொண்டார். இரண்டிரண்டு எண்கள், அவற்றின் கூட்டலுக்கோ கழித்தலுக்கோ ஓர் எல்லை, அவ்வளவுதான். வரைந்தால் மிஞ்சிப் போனால் எட்டுப் பக்கம் வரும். அதனால் பெயரே ‘எண்கோணம்’. எண்கள் இரட்டிப்பானால் வேலை எட்டு மடங்கு. கணினி தாங்கும். எனக்கு இந்தச் சிக்கனம்தான் பிடித்தது.

எண்கோணத்தோடு வேறு சில முறைகளையும் சேர்த்துக் கட்டிய அஸ்ட்ரே என்ற கருவி, 2003 நவம்பரில் ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைக் கட்டுப்பாட்டு நிரலைப் படித்தது. 132,000 வரி, 1 மணி 20 நிமிடம். ஒரு பொய் மணிகூட அடிக்கவில்லை. எல்லா எண்களையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டிருந்தால் அதற்கும் மூச்சு முட்டியிருக்கும். சம்பந்தமுள்ளவற்றை மட்டும் சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரித்துக்கொண்டது. மறு ஆண்டிலிருந்து ஏ380-இன் நிரலும் அதன் கைக்குப் போனது. 2012-இல் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் பறக்கத் தொடங்கிய மலேசியா ஏர்லைன்சின் இரட்டை மாடி விமானம் அந்த ரகம்தான்.