நோன்பு நாளில் ஒளிந்து உண்ணும் மகள்



ரமளான் மாதத்து நண்பகலில் நம் இல்லங்கள் பலவற்றில் நிகழும் ஒரு காட்சியை நீங்கள் அறிவீர்கள். பருவமெய்திய மகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கவளம் சோற்றை அவசரமாக விழுங்குகிறாள். அண்ணன் பார்த்துவிடக் கூடாது. அத்தாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. மாதவிடாய் நாட்களில் நோன்பு வைக்கலாகாது என்பது மார்க்கத்தின் சட்டம். அந்தச் சட்டத்தைப் பேணும் பிள்ளை, குற்றம் புரிந்தவளைப் போல் ஒளிய நேர்வது ஏன்? இதற்கு அஞ்சி நாள் முழுவதும் பட்டினி கிடக்கும் பெண்பிள்ளைகளும் உண்டு.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மருந்துக்கடைக்குச் சென்று நாப்கின் கேட்டுப் பாருங்கள். நாம் சொல்லாமலே அதைச் செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். தமிழக அரசு 2012-ல் தொடங்கிய 'புதுயுகம்' திட்டத்தால், கிராமத்து வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகக் கிடைக்க வழி பிறந்தது. பொருள் வந்து சேர்ந்த வீட்டிலும், அது பற்றிய பேச்சு இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லம் இப்படி இருக்கவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் மாதவிடாய் நாட்களில் நீர் அருந்திய பாத்திரத்தில், அவர்கள் வாய் வைத்த இடத்திலேயே தம் வாய் வைத்து நபியவர்கள் அருந்தியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஹஜ்ஜுப் பயணத்தின்போது ஸரிஃப் என்னுமிடத்தில், மாதவிடாய் வந்துவிட்டதே என்று அன்னையவர்கள் அழுதார்கள். இது ஆதமின் பெண்மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் விதித்த ஒன்றே எனக் கூறி நபியவர்கள் ஆறுதலளித்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் 'ஹைளு' குறித்துத் தனி அத்தியாயமே அமைத்தார்கள். அறிவைத் தேடுவதற்கு நாணம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள்.

"உண்மைதான். ஆனால் மகளிடம் எப்படித் தொடங்குவது? நா எழவில்லையே!" என்கிறீர்களா? நா தயங்கும் இடத்தில் படம் பேசும். அதற்குச் சான்று அகமதாபாத்தில் கிடைக்கிறது. அங்குள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் பயின்ற அதிதி குப்தாவும் துஹின் பாலும் 2012-ல் 'மென்ஸ்ட்ருபீடியா' என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். அதிதி ஜார்க்கண்டின் கர்வா என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். 12 வயதில் பூப்பெய்தியபோது, எதையும் தொடாதே என்ற தடைகளுக்கு உள்ளானவர். படித்த குடும்பத்துப் பெண்களுக்குக்கூட இது பற்றிய தெளிவு இல்லாததைக் கண்டு, இருவரும் ஒரு சித்திரக் கதை நூலை உருவாக்கினார்கள். அக்காவைப் போன்ற பிரியா என்பவள், தன்னைச் சுற்றியுள்ள சிறுமியருக்கு உடல் வளர்வதையும் மாதவிடாயையும் தூய்மையையும் விளக்குவதாக அமைந்த நூல் அது. இந்திய மொழிகள் பலவற்றிலும் வெளியாகிப் பள்ளிகளிலும் பயன்பட்டு வருகிறது.

9 வயதிலிருந்தே படிக்கலாம் என்பது அந்நூலாசிரியர்களின் கருத்து. ஹைளு ஏற்படக்கூடிய குறைந்தபட்ச வயதாக நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்வதும் 9 சந்திர ஆண்டுகளே! ஆகவே, நிகழ்ந்த பின் பதறுவதை விட்டு, முன்னரே சொல்லிவைப்பது தாயின் கடமை.

உருவப்படங்கள் குறித்துத் தயக்கம் உள்ளவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கும் வழி இருக்கிறது. மனித உருவம் ஏதுமின்றி, கருப்பையை மட்டும் ஒரு தாளில் வரையுங்கள். அது மூடிய கைப்பிடி அளவே உள்ள உறுப்பு என்று காட்டுங்கள். மாதந்தோறும் அதன் உட்சுவரில் படியும் மென்படலம், கரு உருவாகாதபோது குருதியோடு கழிவதே மாதவிடாய் என்று விளக்குங்கள். ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து, மகளின் கையில் ஒரு நாட்காட்டியைக் கொடுங்கள். தொடங்கிய நாளில் ஒரு சிவப்புத் துளியும், நின்ற நாளில் ஒரு வட்டமும் அவளே வரையட்டும். இது மார்க்கத்துக்கும் பயன்படும். தொடர் இரத்தப்போக்கு குறித்து வினவிய ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களிடம், வழக்கமான நாட்களைக் கணக்கிட்டு, அவை முடிந்தபின் குளித்துத் தொழுமாறு நபியவர்கள் பணித்தார்கள். ஹைளின் அதிகபட்ச அளவு ஷாஃபி மத்ஹபில் 15 நாட்கள். ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள். கணக்கு இல்லாதவள் தொழுகையை எப்போது மீண்டும் தொடங்குவாள்? விடுபட்ட நோன்புகளை எப்படிக் களாச் செய்வாள்? மருத்துவரிடம் செல்ல நேர்ந்தாலும் அவர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

அந்த நாட்காட்டி பெட்டிக்குள் ஒளிந்திருக்க வேண்டியதில்லை. மகளின் படிப்பு மேசையில் இருக்கலாம். அவளுடைய தம்பி "இது என்ன?" என்று கேட்டால், அவன் வயதுக்கு ஏற்ற விடையை அமைதியாகச் சொல்லுங்கள். நாளை ஒரு பெண்ணுக்குக் கணவனாகவும் ஒரு மகளுக்குத் தந்தையாகவும் ஆகப் போகிறவன் அவன்.

சகோதரிகளே! எதிர்வரும் ரமளானில் உங்கள் மகள் அடைத்த கதவுக்குப் பின்னால் பசியாற வேண்டாம். நோன்பாளிகளின் முன்னிலையில் உண்ணாமல் இருப்பது பண்பு. அதற்காக அவள் அஞ்சி நடுங்குவது கொடுமை. இவ்வாண்டு நீங்களே ஒரு தட்டில் உணவிட்டு, அவளருகில் அமர்ந்து, "சாப்பிடம்மா!" என்று சொல்லுங்கள்.

நாணத்தையும் அறிவையும் ஒருசேரப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.